விண்வெளி நிலையம் ஏன் சொன்ன நேரத்துக்கு முன்பே வருகிறது?

பத்து நாளைக்கு முன்பு செயலியில் பார்த்துக் குறித்துவைத்த நேரத்தைவிட மூன்று நிமிடம் முன்னதாகவே விண்வெளி நிலையம் கடந்துபோய்விட்டது, கணக்கு தப்பா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கணக்கு சரிதான், ஆனால் பழசாகிவிட்டது.

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில், 93 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று ஓடுகிறது. அது நம் கண்ணுக்குத் தெரிய, கீழே நமக்கு இருட்டியிருக்க வேண்டும், மேலே அதன்மீது வெயில் படவேண்டும். அதனால்தான் பெரும்பாலும் அந்தியிலும் விடியலுக்கு முன்பும் தெரிகிறது. பாதையின் அளவுகளை அமெரிக்க விண்வெளிப் படை ரேடாரில் அளந்து, பெரும்பாலான செயற்கைக்கோள்களுக்கு இரண்டே வரியில் எண்களாக இலவசமாக வெளியிடுகிறது. செயலி அதை வைத்துத்தான் நேரம் சொல்கிறது.

சரி, பிசகு எங்கே? அவ்வளவு உயரத்திலும் துளி காற்று இருக்கிறது, அது நிலையத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. இழுத்தால் தாமதமாகத்தானே வரவேண்டும்? இல்லை, சீக்கிரம் வரும்! எனக்கு இயற்பியலில் மிகப் பிடித்த இடங்களில் இது ஒன்று. ஆற்றலை இழந்த நிலையம் கீழே இறங்குகிறது. இறங்கும்போது குறையும் ஈர்ப்பு நிலையாற்றலில் பாதி காற்றைச் சூடாக்கப் போய்விட, மீதிப் பாதி வேகமாக மாறுகிறது. பாதையும் சுருங்குகிறது, வேகமும் கூடுகிறது. கணக்கிட்டதைவிட வெறும் 1 கி.மீ. தாழ்வாக ஓடினால் ஒரு சுற்றுக்கு 1.2 விநாடி மிச்சம், ஒரு நாளில் பதினைந்தரைச் சுற்று, ஆக நாளுக்கு 19 விநாடி. பத்து நாளில் மூன்று நிமிடம் தாண்டிவிடும்.

எவ்வளவு இறங்கும் என்பதைத் துல்லியமாக முன்கூட்டிச் சொல்ல முடியாததற்குக் காரணம் சூரியன். அது சீறும்போது மேல் வளிமண்டலம் சூடேறி உப்புகிறது, இழுவை கூடுகிறது. 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் இணையச் சேவைச் செயற்கைக்கோள்களில் 38 இப்படித்தான் விழுந்து எரிந்தன, அதுவும் பெரிய சூரியப் புயல்கூட இல்லை. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கவனத்திலும் பணத்திலும் ஒரு பங்காவது இந்த மேல்காற்று ஆராய்ச்சிக்குப் போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், இறங்கிக்கொண்டே இருந்தால் விழுந்துவிடும் என்பதால் அவ்வப்போது எஞ்சினை இயக்கி நிலையத்தை மேலே தள்ளுவார்கள். மேலே போனால் பாதை நீண்டு வேகம் குறைவதால், அதற்கு முன்பு எடுத்த கணக்கை நம்பினால் நிலையம் தாமதமாக வரும். அதனால் பார்க்கப்போகும் நாளன்றே செயலியில் புது நேரத்தை எடுத்துக்கொண்டு, மேற்குப் பக்கம் பார்த்து நில்லுங்கள்.