தெரிந்து போட்டதா, குருட்டாம்போக்கா?

தில்லி மயூர் விஹாரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: மகள் பின்னத்தில் இரண்டு கணக்கு சரியாகப் போட்டாலும், பள்ளியில் கொடுத்த ஏஐ செயலி மறுபடியும் பின்னத்தையே கேட்கிறதாம். "அவளுக்குத் தெரியும்னு அதுக்கு ஏன் புரியல?"

பிள்ளைக்குப் பாடம் தெரியுமா என்று கணிக்க, இப்படிப்பட்ட செயலிகளில் பரவலாக உள்ள ஒரு முறையை 1990-களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கார்பெட்டும் ஆண்டர்சனும் வகுத்தார்கள். அடிப்படை பெய்ஸ் தேற்றம்தான், பிளஸ் டூ பாடம்: புதிய தகவல் கிடைத்ததும் பழைய கணிப்பை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்வது.

உங்கள் மகளைப் போல 100 பிள்ளைகள் என்று வையுங்கள். 40 பேருக்குப் பின்னம் தெரியும், 60 பேருக்குத் தெரியாது. கேள்விக்கு நான்கு விடைகள், ஒன்றைத் தொட வேண்டும். தெரிந்த 40 பேரில் 4 பேர் கவனக்குறைவால் கோட்டை விடுவார்கள். 36 பேர் சரி. தெரியாத 60 பேரில் 15 பேருக்குக் குருட்டாம்போக்கில் சரியாகிவிடும். ஆக, சரியாகப் போட்ட 51 பேரில் விஷயம் தெரிந்தவர்கள் 36 பேர்தான், அதாவது 71 சதவீதம். அடுத்ததும் சரியானால் 90. பொதுவாக 95-ஐத் தாண்டினால்தான் அடுத்த பாடம்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். நான்கு விடைகளை எடுத்துவிட்டு, பதிலைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். தெரியாத 60 பேரில் இப்போது 3 பேருக்கு அதிர்ஷ்டம் அடித்தாலே பெரிது. அதே ஒரு சரியான விடை, 40-லிருந்து ஒரேயடியாக 92-க்குத் தூக்கிவிடும்! பிள்ளை மாறவில்லை, கேள்வி கேட்ட விதம்தான் மாறியது. (கணக்குப் போடும்போதே கற்றுக்கொள்வதற்கும் இம்முறையில் ஓர் எண் உண்டு, இங்கே விட்டுவிட்டேன்.)

இந்த நான்கு வரிக் கணக்கை விளக்கினால் சந்தேகப்படும் பெற்றோர், விரல் ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளையின் மூளைத்திறனைச் சொல்கிறேன் என்பவரிடம் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறார்கள். அதில் அறிவியல் துளியும் இல்லை.

சரி, ஆளுக்கேற்ற பாடம் பலன் தருமா? தில்லியிலேயே 2015-இல் பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன் குழு சோதித்தது. 619 மாணவர்கள், குலுக்கலில் தேர்வானவர்களுக்கு, ஆளுக்கேற்பப் பாடம் தரும் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளின் மையத்தில் இடம். 45 நிமிடம் கணினி, 45 நிமிடம் சிறு குழுவாகப் பாடம். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்ததும் தெரிந்தது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். 1/2 + 1/3 = 2/5 என்று மகள் எழுதினால், மேலே இருப்பதைத் தனியாகவும் கீழே இருப்பதைத் தனியாகவும் கூட்டிவிட்டாள் என்று டீச்சருக்குப் பார்த்ததுமே தெரியும். மேலே சொன்ன முறைக்கு அது வெறும் தவறு, அவ்வளவுதான். அவள் ரஃப் நோட்டை வாங்கிப் பாருங்கள்.