குதிரை பார்க்காத நஞ்சு

ரப்பர் தோட்டத்துச் சருகுக்குள் சுருண்டு கிடந்தால் அது பாம்பென்றே தெரியாது. ஒரு அடி, மிஞ்சினால் ஒன்றரை அடி நீளம். சருகின் அதே பழுப்பு. மூக்கு நுனி மட்டும் மேல்நோக்கி எழும்பியிருக்கும். கண்ணுக்கும் நாசிக்கும் நடுவே, வெப்பத்தை உணரும் சின்னக் குழி. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் இந்தக் குழிவிரியனைச் சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள். இலங்கையில் இதன் கடி சர்வசாதாரணம். ஆனால் வழக்கமாகக் கிடைக்கும் நஞ்சுமுறிவு மருந்து இதற்கு வேலை செய்யாது.

காரணம் அந்த மருந்து பிறக்கும் விதத்தில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். (சென்னைக்கு அருகே வடநெம்மேலியில், பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்தார் நஞ்செடுத்துக் கொடுப்பது இதற்குத்தான்.) அதை எதிர்த்துக் குதிரையின் ரத்தத்தில் உருவாகும் புரதங்களைப் பிரித்தெடுத்தால் மருந்து தயார். குதிரை பார்க்காத நஞ்சுக்கு அதில் பதில் கிடையாது.

'எதற்கும் போட்டுவைப்போமே' என்று தோன்றும். கூடாது. குதிரைப் புரதம் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கி, ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும். பலனே இல்லாத மருந்துக்காக அந்த ஆபத்தை நோயாளி ஏன் சுமக்க வேண்டும்? கேரளத்தில் குழிவிரியன் கடிகளைச் சுருட்டைவிரியன் கடி என்று தவறாக நினைத்து மருந்து ஏற்றியும் பலனில்லாமல் போனதை 2007-இல் மருத்துவர்கள் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். பாம்பின் தலையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: சுருட்டைவிரியனுக்கு உச்சந்தலையில் பொடிப்பொடிச் செதில்கள், குழிவிரியனுக்குப் பெரிய தகடுகள். அதற்காகப் பாம்பைத் தேடி அடிக்கப் போக வேண்டாம். எட்ட நின்று எடுத்த படம் ஒன்று இருந்தால் போதும்.

பலருக்குக் கடித்த இடத்தில் வலி, வீக்கம், கொப்புளம் என்பதோடு நின்றுவிடும். சிலருக்கு நஞ்சு ரத்தத்தில் கைவைக்கிறது. ரத்தம் உறைவதற்கு ஃபைப்ரினோஜன் என்ற புரதம் நூல்நூலாகப் பின்ன வேண்டும். நஞ்சு அந்த நூலையெல்லாம் வீணாகச் செலவழித்துவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். காய்ந்த, சுத்தமான புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைக்கிறார்கள். அப்புறம் சாய்த்துப் பார்க்கிறார்கள். நல்ல ரத்தம் கட்டித்தயிர்போல அப்படியே நிற்கும். நஞ்சேறிய ரத்தம் தண்ணீராக ஓடும். குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் ரத்தம் உறையத் தூண்டுவதே அந்தக் கண்ணாடிப் பரப்புதான். பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தம்கூட உறையாமல் ஏமாற்றும்.

சரி, மருந்தில்லாமல் எப்படிக் காப்பாற்றுவது? நஞ்சு தன் வேலையை முடித்து வெளியேறும்வரை உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். தேவைப்பட்டால், ரத்தத்தை உறையவைக்கும் பொருள்கள் உள்ள பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்றுவார்கள், புண்ணைக் கவனிப்பார்கள். மிகவும் பயப்பட வேண்டியது சிறுநீரகத்தைப் பற்றித்தான். அது செயலிழந்தால், மீண்டு வரும்வரை டயாலிசிஸ். அதனால்தான் வீக்கம் வடியத் தொடங்கிய பிறகும், எவ்வளவு சிறுநீர் போகிறது என்று செவிலியர்கள் அளந்து குறித்துக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டுக்குப் போன பின் சிறுநீர் குறைந்தால் அன்றைக்கே திரும்பி வர வேண்டும்.