கேட்சருக்குப் பின்னால் நிற்கப்போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பேஸ்பால் லீக்கில் சேர்த்திருக்கும் பெற்றோருக்கு சீசன் தொடங்கியதும் ஒரு மின்னஞ்சல் வரும். அம்பயர்கள் போதவில்லை, பெற்றோரில் யாரேனும் முன்வர முடியுமா என்று அதில் கேட்டிருப்பார்கள். 1939-ல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கிய லிட்டில் லீக் இன்றுவரை தன்னார்வலர்களை நம்பியே நடப்பதால் அந்த அழைப்பில் வியப்பதற்கு ஏதுமில்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம்மவர்கள் விதிகளை விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். கேட்டதும் சம்மதித்தும் விடுகிறார்கள். நியூ ஜெர்சியில் சிறுவர் லீக்குகளிலும் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களிலும் அம்பயராக இருந்துகொண்டு புதியவர்களுக்குப் பயிற்சியும் அளித்துவருகிறேன். அப்படிச் சம்மதித்து வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஸ்ட்ரைக் ஸோனைப் பற்றித்தான், அதாவது எந்த எல்லைக்குள் வரும் பந்தை ஸ்ட்ரைக் என்று தீர்ப்பளிக்க வேண்டும் என்பதைத்தான். நான் முதலில் பேச விரும்புவது அவர்களுடைய உடம்பைப் பற்றி.

கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் முனையில் நிற்கும் நடுவருக்கும் மட்டைக்கும் இடையே 22 கஜ தூரம் உண்டு. பேஸ்பாலில் விக்கெட் கீப்பரின் இடத்தில் இருப்பவர் கேட்சர்; பிளேட் அம்பயர் என்பவர் அந்தக் கீப்பரின் முதுகை ஒட்டிக் குனிந்து நிற்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தின் எடை 142 முதல் 149 கிராம் வரை. கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுக் குறைவு என்றாலும் கடினத்தில் குறைந்ததல்ல. உயர்நிலைப் பள்ளியில் நன்றாக வீசும் ஒரு பிட்சரின் பந்து மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வரும். அது மட்டையின் விளிம்பில் உரசித் திசைமாறினால், மட்டையிலிருந்து அம்பயரின் முகத்துக்கு உள்ள தூரம் ஒன்றரை மீட்டர் அளவுதான். அதைக் கடக்க ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. கண் இமைப்பதற்கே அதைவிட அதிக நேரம் தேவை. ஆகவே பந்தைப் பார்த்து விலகிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு யாரும் அங்கே போய் நிற்கக் கூடாது. கவசம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் முன்கூட்டியே பந்தை நோக்கியிருக்க வேண்டும். அம்பயர் அணியும் கவசங்கள் ஏறத்தாழ எல்லாமே உடம்பின் முன்பக்கத்துக்காகச் செய்யப்பட்டவை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற ஆலோசனைகளின் காரணம் தானாகப் புரியும்.

மாஸ்க்கில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பணத்தை மிச்சப்படுத்தக் கூடாத இடம் அது. லீக்கின் ஸ்டோர் ரூமில் கிடக்கும் பழைய மாஸ்க்கை எடுத்துக் கொடுப்பார்கள். கம்பிகள் நெளிந்திருக்கின்றனவா, பற்றவைத்த இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு உள்ளே இருக்கும் பஞ்சை நெற்றிப் பகுதியிலும் தாடைப் பகுதியிலும் அழுத்திப் பாருங்கள். அழுத்திய விரலை எடுத்ததும் அது மீண்டு எழவில்லையென்றால், பல சீசன்களின் வியர்வையில் ஊறிக் காய்ந்து இறுகிப்போன அந்தப் பஞ்சு அடியை வாங்கிக்கொள்ளாமல் நெற்றிக்கே கடத்திவிடும். பேடுகளை மட்டும் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். விலை உயர்ந்த டைட்டானியம் மாஸ்க்குகள் கழுத்துக்குச் சுகம்தான். ஆனால் எடை கூடிய ஸ்டீல் மாஸ்க்கை அதே பந்து அசைப்பது கடினம் என்பதால் தலைக்குப் போகும் அதிர்வும் சற்றுக் குறையும். ஒரே நாளில் பல ஆட்டங்கள் நடத்தாத ஒருவர் இலேசான மாஸ்க்குக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

பட்டைகளை இறுக்கக் கட்டினால் பாதுகாப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மாஸ்க் முகத்திலிருந்து நழுவாமல் இருக்க வேண்டும், அதே நேரத்தில் அடி விழுந்தால் திரும்பவோ கழன்று விழவோ இடமிருக்க வேண்டும். அப்படிச் சுழலும்போது அடியின் ஒரு பகுதி அதோடு போய்விடுகிறது. 1996-ல் டொரான்டோ புளூ ஜேஸ் அணியின் கேட்சர் சார்லி ஓ'பிரையன் அறிமுகப்படுத்திய ஹாக்கி பாணி ஹெல்மெட்டை அணியும் அம்பயர்களும் உண்டு. உச்சந்தலையையும் காதுகளையும் அது மூடுகிறது, பக்கவாட்டு அடிக்கு நல்லது. ஜூலை வெயிலில் அதற்குள் தலை வேகும். கழற்றவும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். இரண்டில் எதை வாங்கினாலும் தொண்டைக் காப்பு அவசியம். 1976-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் கேட்சர் ஸ்டீவ் யேகர் தன் முறைக்காகக் காத்து நின்றபோது, சக ஆட்டக்காரரின் மட்டை உடைந்து அதன் சில்லுகள் அவர் கழுத்தில் பாய்ந்தன. அதன்பின் அணியின் மருத்துவப் பயிற்சியாளர் பில் பூலர் மாஸ்க்கின் அடியில் தொங்கும் ஒரு தகட்டை அவருக்காகச் செய்து கொடுத்தார். இன்று கடையில் விற்கும் தொண்டைக் காப்பு அதன் வழிவந்ததுதான்.

மார்புக் கவசத்தின் வரலாறு விசித்திரமானது. தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரு பிரிவுகள் உண்டு. அமெரிக்கன் லீக் அம்பயர்கள் 1970-கள் வரை காற்றடைத்த பெரிய மெத்தை போன்ற ஒன்றைச் சட்டைக்கு வெளியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நேஷனல் லீக்கில் பில் கிளெம் என்ற அம்பயரின் காலத்திலிருந்தே சட்டைக்குள் அணியும் சிறிய கவசம் பழக்கமாகிவிட்டது. மெத்தையைப் பிடித்தவர்கள் கேட்சரின் தலைக்கு நேர் மேலே நின்று பார்க்க வேண்டியிருந்தது. உள்ளே அணிந்தவர்கள் பேட்டர் பக்கமாக நகர்ந்து தாழக் குனிந்து பார்த்தார்கள். எங்கே நிற்கலாம் என்பதையே அவரவர் கவசம் தீர்மானித்தது. 1977-க்குப் பின் அமெரிக்கன் லீக்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வெளிக்கவசம் அனுமதிக்கப்படவில்லை. அதைக் கடைசிவரை பயன்படுத்திய ஜெர்ரி நியூடெக்கர் 1985-ல் ஓய்வு பெற்றார்.

இன்றைய கவசத்தை வாங்கியதும் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று அளவு பார்ப்பதால் பயனில்லை. ஆட்டத்தில் நிற்பதுபோலக் குனிந்து பாருங்கள். கவசம் மார்பை விட்டு முன்னால் தொங்கினால், அல்லது கழுத்தடியில் காறை எலும்பு வெளியே தெரிந்தால், கவசத்தின் தோள் வார்களைச் சுருக்கி அதை மேலே ஏற்ற வேண்டும். நெஞ்சில் விழும் அடி, எலும்பு முறியாவிட்டாலும், இதயத்துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடித்துளியில் விழுந்தால் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். அதற்காகவே 2020 முதல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் கேட்சரின் மார்புக் கவசத்துக்குத் தனித் தரச்சான்று கட்டாயமாக்கப்பட்டது. அந்த விதி பேசுவது கேட்சரைப் பற்றி. அம்பயர் தாமே கேட்டு வாங்க வேண்டும். மைதானத்தில் இதயத்துடிப்பை மீட்கும் மின் அதிர்வுக் கருவி (AED) எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் ஆட்டத்துக்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது.

கால்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணைக்கால் காப்பு கால்சட்டைக்குள் போகும், ஆகவே கால்சட்டை ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். ஆண்கள் கப் எனப்படும் இடுப்படிக் கவசத்தை அணியாமல் களமிறங்கவே கூடாது. காலணியில் மட்டும் விரல்களுக்கு மேலும் புறங்காலுக்கு மேலும் கடினத் தகடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மட்டையில் பட்டு நேரே கீழே இறங்கும் பந்து சாதாரண ஓட்டப் பயிற்சி ஷூவை ஒரு பொருட்டாக மதிக்காது. தொப்பியின் முன்விளிம்பு குறுகியதாக இருந்தால்தான் மாஸ்க்கைக் கழற்றும்போது தொப்பியும் சேர்ந்து வராது. பந்து எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளும் சிறு கருவியை இடக்கையில் வைத்துக்கொண்டு, அதே இடக்கையால் மாஸ்க்கைக் கழற்றப் பழகுங்கள். வலக்கை சைகைக்காகக் காலியாக இருக்க வேண்டும்.

இனி நிற்கும் இடம். கேட்சருக்கும் பேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஸ்லாட் என்கிறோம். வலக்கை பேட்டர் என்றால் கேட்சரின் தலைக்கு இடப்புறம், பேட்டர் பக்கத்துக் கால் சற்று முன்னே, மற்றக் கால் அரை அடி பின்னே, உங்கள் தாடை கேட்சரின் உச்சந்தலை மட்டத்தில் இருக்க வேண்டும். தாடை அதற்குக் கீழே இறங்கினால் பேட்டர் அருகே தரையில் பதித்திருக்கும், 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட்டின் வெளிமுனை மறைந்துவிடும்; அடிபடும் வாய்ப்பும் கூடும். பேட்டர் பக்கத்துக் கையை மடக்கி இடுப்புப் பட்டையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், மற்றக் கை கேட்சரின் உடம்புக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும். முழங்கைக்கும் விரல்களுக்கும் கவசம் கிடையாது. சிலர் கேட்சரின் முதுகில் கையை வைத்துக்கொள்வார்கள், சிறுவர் ஆட்டத்தில் அதைச் செய்யவே வேண்டாம். பயந்து இரண்டு மூன்று அடி பின்வாங்கி நிற்பவர்களையும் பார்க்கிறேன். அப்படி நின்றால் கேட்சரின் உடம்பு தரும் மறைப்பு போய்விடுகிறது, திசைமாறிய பந்து விரிந்து வரவும் இடம் கிடைத்துவிடுகிறது. தொடாமல், ஆனால் நெருங்கி நிற்பதே பாதுகாப்பு. ஒரு காலைப் பின்னே நீட்டி, தலையை முன்னே தாழ்த்திக் கத்தரிபோல நிற்கும் பழைய நிலையை நான் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. அடி நேராகக் கழுத்தெலும்பில் இறங்கும்.

புதியவர்களிடம் திருத்த மிகவும் கடினமான பழக்கம் முகத்தைத் திருப்புவது. பத்து வயதுக் கேட்சர் பாதிப் பந்துகளைத் தவறவிடுவான். இரண்டு பந்துகள் மாஸ்க்கில் பட்டபின் அம்பயரின் தோள் தன்னறியாமலே திரும்பத் தொடங்கும். திரும்பியதும் காது, கழுத்தின் பக்கம், மேற்கை எல்லாம் பந்துக்கு முன்னால் வந்துவிடுகின்றன. நெட் பயிற்சியில் பேட்டரோ தீர்ப்போ இல்லாமல், கவசம் அணிந்து கேட்சருக்குப் பின்னால் வெறுமனே நின்று, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பந்தை கையுறைவரை தொடரப் பழகினால் இது மெல்ல நீங்கும். அதில் தீர்ப்பும் தெளிவடையும் என்பது கூடுதல் இலாபம். மேஜர் லீக்கில் 2026 முதல் ஸ்ட்ரைக் தீர்ப்புகளைக் கருவியிடம் மேல்முறையீடு செய்யும் முறை ஏற்கப்பட்டிருக்கிறது; அங்கேயும் கேட்சருக்குப் பின்னால் மனிதர்தான் நிற்கிறார்.

கேட்சருக்கு விரலிலோ தோளிலோ பலமாகப் பட்டால், அம்பயர் ஆட்டத்தை நிறுத்தி, பிட்சருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் பிளேட்டை நிதானமாகத் துடைப்பார். கேட்சர் மூச்சு வாங்கிக்கொள்ள அந்த அரை நிமிடம். அம்பயருக்குப் பட்டால் கேட்சர் எழுந்து பிட்சரிடம் பேசப் போய்விடுவார். அருமையான வழக்கம், ஆனால் தலையில் பட்ட அடிக்கு அரை நிமிடம் போதாது. 2008-ல் டாட்ஜர்ஸ் மைதானத்தில் பிராட் பென்னி வீசிய பந்து அம்பயர் கெர்வின் டான்லியின் மாஸ்க்கில் நேராகப் பட்டு அவர் கீழே விழுந்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டார். மேஜர் லீக்கில் அப்போது மருத்துவர் இருந்தார், அவருக்குப் பதிலாக நிற்க அம்பயர்கள் இருந்தார்கள். சிறுவர் ஆட்டத்தில் பெரும்பாலும் நீங்கள் ஒருவர்தான்.

2009-ல் வாஷிங்டன் மாநிலம் தொடங்கிவைத்து, பின்னர் எல்லா மாநிலங்களும் கொண்டுவந்த கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளை அதிர்வது) சட்டங்கள் இளம் ஆட்டக்காரர்களைப் பற்றியவை. தலையில் அடிபட்ட சிறுவனை வெளியே அனுப்பும் அம்பயரை வெளியே அனுப்ப அங்கே யாரும் இல்லை. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, பந்து எண்ணிக்கை நினைவில் நிற்காமல் போவது, ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய ஆட்டம் உங்களுக்கு முடிந்தது. பேஸ் பக்கத்தில் இன்னொரு அம்பயர் இருந்தால், அவர் தன் கவசத்தைக் காரிலிருந்து எடுத்துவந்து பிளேட்டுக்கு வருவார். தனியாக நடத்துகிறீர்கள் என்றால் இரு பயிற்சியாளர்களையும் அழைத்துச் சொல்லிவிட்டு ஆட்டத்தை நிறுத்திவைக்கலாம். பெற்றோர் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். லீக்குக்கு அன்றே எழுத்தில் தெரிவியுங்கள், லீக்கின் காப்பீடு அம்பயரையும் உள்ளடக்குகிறதா என்பதைச் சீசன் தொடங்கும் முன்பே கேட்டு வையுங்கள். விளையாட்டு நடுவர்களின் தேசியச் சங்கமான நாசோவில் உறுப்பினரானால் காப்பீடும் சேர்ந்து வருகிறது. அன்று காரை நீங்கள் ஓட்ட வேண்டாம். மருத்துவர் பார்த்து எழுதித் தரும்வரை மாஸ்க்கை மறுபடி அணியவும் வேண்டாம். அடி வாங்கிய மாஸ்க்கைப் பையில் போடும் முன், பஞ்சைக் கழற்றி உள்ளே உள்ள கம்பி வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.