பயணியா, மாணவரா? விடுமுறையில் மைக்ரோலைட் ஏறுவதற்கு முன்

அந்தக் காப்பீட்டுக் கிளெய்ம் கோப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு புகைப்படம். இறக்கை நுனியில் பொருத்திய கேமரா எடுத்தது. கீழே பச்சையும் நீலமுமாகக் கடல், நடுவானில் ஹெல்மெட் போட்ட இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்திருப்பவர் மதுரைக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 63. வாயெல்லாம் பல். படம் எடுத்துப் பத்து நிமிடத்தில், தரையிறங்கும்போது அடித்த குறுக்குக் காற்றில் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. வலது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

கலிபோர்னியாவில் இருக்கும் மகன், அப்பாவின் பிறந்தநாளுக்காக ஹவாய்க்கு அழைத்துப்போய் ஏற்றிவிட்ட பயணம் அது. அறுவை சிகிச்சை, தகடு, நான்கு நாள் மருத்துவமனை. அந்த பில் தொகைக்கு மதுரையில் நல்ல இடத்தில் ஒரு வீட்டுமனை வாங்கலாம். கிளம்பும் முன் சென்னையில் எடுத்த பயணக் காப்பீடு இருக்கிறது என்று தைரியமாக இருந்தார்கள். ஒரு ரூபாய் வரவில்லை.

பல வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்து கிளெய்ம்களைச் சரிபார்த்தவன் நான். இப்போது மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து, மறுக்கப்பட்டவர்களுக்கு மனு எழுத உதவுகிறேன். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து விழுந்தவர்கள், ஸ்நார்க்கெலிங் போய்ப் பவளப்பாறையில் கிழித்துக்கொண்டவர்கள் என்று கடற்கரை விடுமுறைக் கோப்புகள் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. இதில் யாருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

மைக்ரோலைட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு இறக்கை முளைத்தால் எப்படி இருக்கும், அதுதான். மூன்று சக்கரம், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, தலைக்கு மேல் முக்கோணத் துணி இறக்கை. ஹவாயில் இதை ட்ரைக் என்பார்கள். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. விமானியின் கையில் ஒரு குறுக்குக் கம்பி மட்டும். அதைத் தள்ளினால் மூக்கு தூக்கும், இழுத்தால் வேகம் கூடும். இடுப்பில் பெல்ட், காதில் இண்டர்காம். கால்களுக்கு அடியில் நேராகக் கடல் தெரியும்.

ஏன் ஏறுகிறார்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஹவாயின் கவாய் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் கும்பாபிஷேகம் நடந்த, ‘இறைவன் கோயில்’ என்னும் சிவன் கோயில் அங்கே இருக்கிறது. பெங்களூருவில் செதுக்கிக் கப்பலில் கொண்டுபோன கருங்கற்களால் சோழர் பாணியில் கட்டியது. அதனால் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் பல அந்தத் தீவுக்குப் போகின்றன. தீவைச் சுற்றிவரச் சாலை முழுவதும் கிடையாது. நா பாலி என்னும் செங்குத்து மலைக்கரையில் சாலை நின்றுவிடும். அதைப் பார்க்க நடக்க வேண்டும், இல்லை படகில் போக வேண்டும், இல்லை பறக்க வேண்டும். அந்த இடத்துக்கு மேல் மூடிய ஹெலிகாப்டரில் கண்ணாடி வழியாகப் பார்ப்பதும், காற்று முகத்தில் அடிக்கப் பார்ப்பதும் ஒன்றாகாது. (மதுரைக் குடும்பம் எந்தத் தீவில் ஏறியது என்று நான் சொல்லப் போவதில்லை.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் இந்த வகை விமானத்தில் காசு வாங்கிக்கொண்டு பயணிகளைச் சுற்றிக்காட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. 2004-இல் அங்குள்ள விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. ‘லைட் ஸ்போர்ட்’ என்று ஒரு தனி வகையை உண்டாக்கியது. பெரிய விமானங்களுக்குரிய கடுமையான சான்றிதழ் நடைமுறை அதற்கு இல்லை. பதிலுக்கு, அதை வைத்து என்ன செய்து சம்பாதிக்கலாம் என்பதில் கட்டுப்பாடு வைத்தார்கள். பறக்கக் கற்றுக்கொடுத்துக் கட்டணம் வாங்கலாம். பயணிகளை ஏற்றி வாங்கக்கூடாது.

ஆகவே கடற்கரையில் நீங்கள் வாங்குவது சுற்றுலா டிக்கெட் இல்லை, பாடம். முதல் பறத்தல் வகுப்பு. முன்னால் இருப்பவர் உரிமம் பெற்ற பயிற்றுநர். பின்னால் இருக்கும் நீங்கள் மாணவர். இது ஏமாற்று வேலை இல்லை. பயிற்றுநர்கள் பலர் ஆர்வத்தோடு உண்மையிலேயே கற்றுத்தருபவர்கள். பிரிட்டனிலும் மைக்ரோலைட் சவாரி இப்படிச் சோதனை வகுப்பாகத்தான் விற்கப்படுகிறது. ஆனால் ஹவாயில் விமான, ஹெலிகாப்டர் சுற்றுலாவுக்கென்று, அடுத்தடுத்து நடந்த விபத்துகளுக்குப் பிறகு, 1994-இல் தனி விதி வந்தது. குறைந்தபட்சம் எவ்வளவு உயரத்தில் பறக்க வேண்டும் என்பதுவரை அதில் உண்டு. அது சுற்றுலாவுக்கான விதி. பாடம் சுற்றுலா ஆகாது.

இப்போது நம் ஊர்க் காப்பீட்டுப் பத்திரத்தை எடுங்கள். பின்பக்கங்களில் பொடி எழுத்தில் விதிவிலக்குகள் இருக்கும். விபத்துக் காப்பீட்டிலும் பயணக் காப்பீட்டிலும் வழக்கமாக வரும் ஒரு வரியின் சாரம் இது: முறைப்படி உரிமம் பெற்ற, ‘ஸ்டாண்டர்ட்’ வகை விமானத்தில் பயணியாகச் சென்றாலொழிய, வேறு எந்த விதத்தில் வானத்தில் இருந்தாலும் இழப்பீடு இல்லை.

இந்த வரியில் இரண்டு வாசல் உண்டு. நீங்கள் பயணியாக இருக்க வேண்டும். விமானம் ஸ்டாண்டர்ட் வகையாக இருக்க வேண்டும்.

மகன் என்னிடம் போனில் திரும்பத் திரும்பச் சொன்னது முதல் வாசலைப் பற்றி. “சார், அப்பா எதையும் ஓட்டலை. பின்னாடி உட்கார்ந்துதான் வந்தார்.” உண்மைதான். ஆனால் ஏறுமுன் டேப்லெட்டில் கையெழுத்துப் போட்ட படிவத்தில் மாணவர் என்று இருந்தது. ரசீதில் ‘அறிமுகப் பாடம்’ என்று இருந்தது. நினைவுப்பொருளாக ஒரு லாக் புத்தகமும் கொடுத்திருந்தார்கள், 0.8 மணி நேரம் பயிற்சி பெற்றார் என்று பயிற்றுநர் அதில் கையெழுத்திட்டிருந்தார். போதாக்குறைக்கு, நடுவானில் இரண்டு நிமிடம் கம்பியைப் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அந்த வீடியோ ‘அப்பா பிளேன் ஓட்டுறார்’ என்ற தலைப்போடு குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றியது. நிறுவனம் துப்பறிய வேண்டிய வேலையே இல்லை. எல்லாவற்றையும் ஆதாரம் என்று நினைத்து மகனே கிளெய்மோடு இணைத்து அனுப்பிவிட்டார்.

முதல் வாசலை வாதாடித் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். 63 வயதுக்காரர் பிறந்தநாளுக்கு ஏறியதை யார் விமானப் படிப்பு என்பார்கள்? காகிதத்தில் என்ன பெயர் இருந்தாலும் அவர் அங்கே செய்தது பயணம்தான் என்று வாதம் கட்டினேன். இரண்டாவது வாசலில் மாட்டிக்கொண்டேன். புறப்படும் முன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் ஒன்று கோப்பில் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் பின் இருக்கைக்கு எதிரே ஒட்டியிருந்த எச்சரிக்கைப் பட்டை தெளிவாகத் தெரிந்தது. இந்த விமானம் லைட் ஸ்போர்ட் தரப்படி செய்யப்பட்டது, ஸ்டாண்டர்ட் வகைக்குரிய தகுதி விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று அதில் அச்சடித்திருந்தது. நம் பத்திரம் கேட்பது ஸ்டாண்டர்ட். விமானமே நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது, நான் அது இல்லை என்று.

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனார்கள். அங்கே வழக்கறிஞரோ முகவரோ உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். மனுவை மட்டும் நான் எழுதிக்கொடுத்தேன். பெரியவர் ஊன்றுகோலோடு போய் மரியாதையாகப் பேசிவிட்டு வந்தார். உத்தரவு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தது. படித்துப் பார்த்தேன், தப்புச் சொல்ல முடியவில்லை.

இதைச் சொன்னதும் பலரும் கேட்பது: “என் சாதாரண ஹெல்த் பாலிசியில் சாகச விளையாட்டு விலக்கு, தொழில்முறையாகச் செய்பவர்களுக்குத்தான் என்று போட்டிருக்கிறதே?” ஆமாம். 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரே மாதிரியாக்கிய விலக்குகளில் ஒன்பதாம் எண் அது, அந்த விதத்தில் நமக்குச் சாதகமானதும்கூட. ஆனால் அந்த பாலிசிகள் பெரும்பாலும் இந்தியாவுக்குள் எடுக்கும் சிகிச்சைக்கு. வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டுக்கு விலக்குப் பட்டியல் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு விமானம் ஏறுபவர்கள் அதிகம். ஆயுள் காப்பீட்டோடு வரும் விபத்து ரைடரையும் (கூடுதல் சேர்க்கையையும்) ஒருமுறை பாருங்கள். பழைய பத்திரங்கள் சிலவற்றில், பயணிகளை ஏற்ற அனுமதி பெற்ற விமானமாக இருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட விமான நிலையங்களுக்கு இடையே பறக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. கிளம்பிய புல்தரைக்கே திரும்பி இறங்கும் ட்ரைக்கை அதற்குள் நுழைப்பது கஷ்டம்.

ஏறவே ஏறாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். முகவரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். “அதெல்லாம் கவர் ஆகும் சார்” என்ற ஐந்து வினாடிப் பதிலுக்குக் குறைதீர்ப்பாளரிடம் மதிப்பில்லை. இன்ன நாட்டில், இரண்டு இருக்கை மைக்ரோலைட்டில், பயிற்றுநரோடு, அறிமுகப் பாடமாகப் பறக்கப் போகிறேன், அடிபட்டால் மருத்துவச் செலவு கிடைக்குமா என்று அப்படியே எழுதுங்கள். ‘சாகச விளையாட்டு’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். கூடுதல் கட்டணத்துக்குச் சாகச விளையாட்டுச் சேர்க்கை தரும் நிறுவனங்கள் உண்டு. அதிலும் விளையாட்டுகளின் பெயர்ப் பட்டியல் இருக்கும். பாராசெய்லிங் இருப்பதால் மைக்ரோலைட்டும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

உடல் எடையைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அங்கே பவுண்டில் கேட்பார்கள். நம் ஆட்கள் கிலோவிலிருந்து மாற்றும்போது அதிசயமாக ஐந்தாறு கிலோ குறைந்துவிடும். இரண்டே பேர் ஏறும் வண்டியில் எரிபொருள் எவ்வளவு, எவ்வளவு தூரம் ஓடி எழும்ப வேண்டும் என்பதெல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. நேரம் காலையாக இருக்கட்டும். வெயில் ஏறி நிலம் சூடானால் காற்று குதிக்கத் தொடங்கும். என்ஜின் நின்றால் கரைக்கு மிதந்து வந்து சேரும் தூரத்துக்குள்தான் பறப்பீர்களா என்று பயிற்றுநரிடம் கேட்கலாம், நல்ல பயிற்றுநர் கோபிக்க மாட்டார்.

இன்னொன்று. இந்த வண்டியின் விசிறி உங்கள் முதுகுக்குப் பின்னால் சுழல்கிறது. உங்கள் கையிலிருந்தோ காலிலிருந்தோ எது நழுவினாலும் நேராக அதில் போய் விழும். செல்போன், துப்பட்டா, தொப்பி, ரப்பர் செருப்பு எதுவும் கூடாது. படத்தை இறக்கைக் கேமரா எடுக்கும் காரணம் அதுதான்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி, கிளம்பும் முன்பே என்னிடம் கேட்டார்கள். மின்னஞ்சல் போடச் சொன்னேன். நான்கு நாள் கழித்து நிறுவனத்திடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: கிடைக்காது. வேறு இரண்டு இடத்தில் விசாரித்து, மைக்ரோலைட் என்ற சொல்லே அச்சில் இருக்கும் ஒரு பாலிசியைப் பிடித்தார்கள். விலை ஒன்றரை மடங்கு. அந்த அம்மா ஏறினார். அவர் கணவர் கீழேயே நின்று, அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கும் படத்தை அனுப்பியிருக்கிறார்கள்.