மலக்குடல் இறக்கம்: ஆபரேஷன் ஆனபிறகும் முக்காதீர்கள்

ஆபரேஷன் செய்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மலக்குடல் மறுபடி ஆசனவாய் வழியே வெளியே வருகிறது என்று வருகிறவர்களிடம், கக்கூசில் எவ்வளவு நேரம் உட்காருகிறீர்கள் என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் அரைமணி நேரம். அதுவும் கையில் போனோடு.

"அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே!" என்ற நினைப்புதான் இதற்குக் காரணம். ஆபரேஷன் இறங்கிய குடலை மேலே நிறுத்தும், அவ்வளவுதான். முக்கும் பழக்கத்தை அது மாற்றாது. மலச்சிக்கலும் தானாகத் தீராது. குடலின் பின்பக்கத்தைப் பிரித்து அடிமுதுகெலும்பில் பொருத்தும் முறையில் சிலருக்கு மலச்சிக்கல் கூடவும் செய்யும். இன்னொன்று: தையல் போட்ட இடம் சில வாரம் வீங்கியிருக்கும். உள்ளே மலம் மிச்சமிருப்பது போலவே தோன்றும். அதை நம்பி முக்கினால் இழுபடுவது தையல்தான். வந்தது போதும், ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள்.

ஆசனவாய் வழியாகச் செய்யும் டெலார்ம், ஆல்டிமியர் முறைகளில் மறுபடி இறங்கும் வாய்ப்பு பொதுவாகக் கூடுதல். ஆனாலும் இதயம் பலவீனமான பெரியவர்களுக்கு முதுகில் ஊசி போட்டே முடித்துவிடலாம் என்பதால் அதைத் தேர்கிறோம். குடலைப் போதிய நீளம் வெட்டாதது, தளர்ந்த இடுப்புத்தளத் தசையைச் சேர்த்துத் தைக்காதது, குடலைத் தாங்க வைக்கும் வலை (மெஷ்) எலும்பில் உறுதியாகப் பிடிக்காதது ஆகியவற்றால் மறுபடி இறங்கினால், அது ஆபரேஷன் செய்யும் டாக்டர்களான எங்கள் பக்கத்துப் பொறுப்பு.

பழைய ஆபரேஷனை தயவுசெய்து மறைக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவாருங்கள். முன்பு எந்தப் பகுதியை வெட்டினார்கள் என்று தெரியாமல் வேறு வழியில் மறுபடி வெட்டினால், இடையில் மிஞ்சும் குடலுக்கு ரத்த ஓட்டம் அற்றுப்போகலாம்.

ஆறு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடமே 15 கிலோ வரும். நிரம்பிய சிலிண்டர் 30 கிலோவை நெருங்கும். பீடி, சிகரெட்டை விடுங்கள்; விடாத இருமலும் முக்கலுக்குச் சமம். கீரை, முழுப்பயறு, கொய்யா என்று நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து சேரட்டும். இசப்கோல் என்ற நார்ச்சத்து உமியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். வெறுமனே வாயில் போட்டால் அடைத்துக்கொள்ளும். இரும்புச்சத்து மாத்திரை, ட்ராமடால் என்ற வலி மருந்து, கோடீன் கலந்த இருமல் மருந்து எல்லாம் மலத்தை இறுக்கும். எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மறுபடி எது வெளியே வந்தாலும் மூலம் என்று களிம்பு தடவிக்கொண்டிருக்காதீர்கள். வளையம் வளையமாக மடிப்பு தெரிந்தால் அது குடல். உள்ளே தள்ளியும் போகவில்லை, நிறம் கருக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.