கெட்டியான இடமே பலவீனம்: குரல்வளைக் குருத்தெலும்புக்குள் புற்று நுழைவது எப்படி?

"குரல் நாணில் தொடக்க நிலைப் புற்றுதான், கதிர்வீச்சிலேயே குணமாகும் என்கிறார்கள். அப்புறம் எதற்கு ஸ்கேன்?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். குருத்தெலும்பைப் பார்க்கத்தான்.

கட்டி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை டி1 முதல் டி4 வரை நிலைகளாகப் பிரிப்பார்கள். கட்டி நாணோடு நின்றால் டி1. மேலேயோ கீழேயோ பரவினாலும், நாணின் அசைவு குறைந்தாலும் டி2. குரல்வளைக்கு முன்னால் இருக்கும் தைராய்டு குருத்தெலும்பின் (தைராய்டு சுரப்பி அல்ல) உள்பக்கத்தை அரித்திருந்தால், நாண் நன்றாக அசைந்தாலும் டி3. வெளிப்பக்கத்தையும் துளைத்துவிட்டால் டி4ஏ, சிகிச்சையே மாறிவிடும்.

எலும்பாகாத குருத்தெலும்பு லேசில் இடம் கொடுக்காது. அதில் ரத்தக் குழாய் கிடையாது. புதுக் குழாய் முளைப்பதைத் தடுக்கும் புரதங்களும், கட்டி சுரக்கும் நொதிகளை முடக்கும் புரதங்களும் அதில் உண்டு. ஆனால் இருபது வயதுக்கு மேல் அது பின்-கீழ் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக மாறுகிறது. எலும்பானால் மஜ்ஜை வரும், மஜ்ஜையோடு ரத்தக் குழாயும் வரும். வேடிக்கை என்னவென்றால், கட்டி பெரும்பாலும் தானே எலும்பைக் கரைப்பதில்லை. அது கசியவிடும் புரோஸ்டாகிளாண்டின், இன்டர்லூகின் போன்ற ரசாயனங்கள், எலும்பைக் கரைக்கும் நம் உடலின் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை உசுப்பிவிடுகின்றன. அவை குழி தோண்டித் தர, கட்டி உள்ளே போகிறது. பக்கத்திலேயே எலும்பாகாத பகுதி சேதமில்லாமல் நிற்பதை நுண்ணோக்கியில் காணலாம்.

இன்னொரு வாசல், இரு நாண்களும் முன்புறம் கூடும் முனை. குருத்தெலும்பை மூடியிருக்கும் உறை, பிராய்ல்ஸ் தசைநார் (நாண்களைக் குருத்தெலும்போடு பிணைப்பது) பதியும் அந்த இடத்தில் மட்டும் இல்லை. கட்டி அந்த முனையைத் தொட்டு மேலும் கீழும் பரவியிருந்தால் சந்தேகம் வலுக்கும். நாண் மந்தமாக அசைவதும், கட்டி நாணுக்குக் கீழே இறங்குவதும், பக்கவாட்டுக் கொழுப்பு இடைவெளிக்குள் புகுவதும் அப்படியே.

சி.டி.யில் எலும்பாகாத குருத்தெலும்பும் கட்டியும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம்; குழப்பம் அங்கேதான். வெள்ளையாகத் தடித்திருப்பது, முக்கியமாக நாணின் பின்முனையில் இருக்கும் அரிட்டினாய்டு குருத்தெலும்பில், வெறும் எதிர்வினையாகவும் இருக்கலாம். அரிப்பு தெரிந்தால் கூடுதலாக நம்பலாம். எம்.ஆர்.ஐ.யின் டி2 படத்தில் (இது நோயின் நிலை அல்ல, படத்தின் வகை) குருத்தெலும்பு கட்டியைவிடப் பளிச்சென்று இருந்தால் அழற்சி. கட்டியைப் போலவே இருந்தால் ஊடுருவல் என்று எடுத்துக்கொள்வார்கள்.

முடிந்தால் சதைப் பரிசோதனைக்கு முன்பே ஸ்கேன் எடுப்பது நல்லது. கத்தி பட்டால் புற்று பரவும் என்பதற்காக அல்ல, அது வெறும் மூடநம்பிக்கை. சதை எடுத்த இடத்து வீக்கம் படத்தைக் குழப்பும், அவ்வளவுதான். படம் எடுக்கும்போது எச்சில் விழுங்கவோ இருமவோ கூடாது. சி.டி. துண்டுகள் 1 மி.மீ. அளவில், நாண்களுக்கு இணையான தளத்தில் இருக்க வேண்டும், 5 மி.மீ. துண்டில் சிறு அரிப்பு கண்ணுக்கே படாமல் போகலாம்.