பி.பி.எச். ரிஸ்க்: கணிப்பா, மதிப்பீடா?

பிரசவ வார்டில் மருத்துவரும் நர்ஸும் பேசும்போது 'பி.பி.எச். ரிஸ்க் இருக்கு' என்பது அடிக்கடி காதில் விழும். விரித்தால் போஸ்ட்பார்ட்டம் ஹெமரேஜ், அதாவது குழந்தை பிறந்த பிறகு தாய்க்கு அளவு மீறி இரத்தம் போவது. அப்படி ஆக வாய்ப்புண்டா என்று கர்ப்பகாலத்திலேயே பார்த்துவைப்பதை ரிஸ்க் பிரெடிக்‌ஷன் என்றும் ரிஸ்க் அசெஸ்மென்ட் என்றும் சொல்கிறார்கள். முன்னது இடர்க் கணிப்பு, பின்னது இடர் மதிப்பீடு. இரண்டும் ஒன்றல்ல. அதைக் கடைசியில் பார்ப்போம்.

'போஸ்ட் பார்ட்டம்' லத்தீன். ஈன்ற பின் என்று பொருள். 'ஹெமரேஜ்' கிரேக்கத்திலிருந்து வந்தது. முன்பாதி 'ஹைமா', இரத்தம். பின்பாதியை ஒழுகுதல் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒழுகுதல் என்ற வேர் இருப்பது டயரியாவில். ஹெமரேஜில் இருப்பது உடைத்துக்கொண்டு வருதல் என்னும் வினை. தமிழாக்கம் தேடும்போது இந்த வேறுபாடு உதவும்.

தமிழில் இதற்குப் பல பெயர்கள். பத்திரிகையில் 'அதிக இரத்தப்போக்கு', வீட்டுப் பேச்சில் 'உதிரப்போக்கு'. இரத்தம், உதிரம் இரண்டும் வடமொழி வழி வந்தவை. குருதி சங்கப் பாடல்களிலேயே உள்ள சொல். இலங்கைப் பாடநூல்களில் இன்றும் அதுதான் வழக்கம். ஆனால் முதல் பாதியைவிட இரண்டாம் பாதிதான் முக்கியம் என்பேன். பிரசவமான பெண்ணுக்குச் சில வாரங்கள் இரத்தம் போவது இயல்பு. அதுவும் போக்கு, உயிரை எடுப்பதும் போக்கு என்றால் பெயரை வைத்து எதை அறிவது? எனவே 'பெருக்கு'. ஆடிப்பெருக்கைப் போல, வழக்கமாக ஓடுவது கரை மீறும்போது வரும் சொல். 'பேற்றுப்பின் குருதிப்பெருக்கு' என்பது என் தேர்வு. சித்த மருத்துவத்தின் 'பெரும்பாடு' என்ற அருமையான சொல்லை இதற்கு இழுக்க வேண்டாம். அது மிகை மாதவிடாய்க்கு உரியது.

சரி, எந்த அளவைத் தாண்டினால் பெருக்கு? பிரசவமாகி 24 மணி நேரத்துக்குள் 500 மில்லி லிட்டரோ அதற்கு மேலோ போனால் என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவந்த வரையறை. 1000 மில்லி லிட்டரை எட்டினால் கடுமையானது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் 2017 முதல் 1000 மில்லி லிட்டரையோ, இரத்த இழப்பால் உடல் தளர்வதன் அறிகுறிகளையோ கணக்கில் எடுக்கிறார்கள். 2025இல் உலக சுகாதார நிறுவனம் இன்னொரு படி இறங்கி வந்தது: 300 மில்லி லிட்டர் போய், நாடித்துடிப்போ இரத்த அழுத்தமோ மாறியிருந்தால் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குங்கள் என்றது. நியாயம்தான். திடகாத்திரமான பெண் அரை லிட்டரைத் தாங்கிவிடுவாள். ஹீமோகுளோபின் 7 கிராமில் நிற்பவளுக்கு அதில் பாதியே ஆபத்து.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கும். கருப்பைத் தசை சுருங்கி, குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தன் இழைகளால் அவற்றை நெரித்து மூட வேண்டும். பெரும்பாலான குருதிப்பெருக்குக்குக் காரணம் இந்தச் சுருக்கம் சரியாக நடக்காததே. பிறப்புறுப்பில் கிழிசல், உள்ளே தங்கிவிட்ட நஞ்சுக்கொடித் துண்டு, இரத்தம் உறையாமை ஆகியவை மற்றவை.

இடர் யாருக்கு என்று பார்ப்பதும் இதிலிருந்தே வருகிறது. இரட்டைக் குழந்தை, பெரிய குழந்தை, மிகுதியான பனிக்குட நீர் என்றால் தசை அளவுக்கு மேல் விரிந்திருக்கும். முன் பிரசவத்தில் பெருக்கு ஏற்பட்டிருந்தால் மறுபடியும் வரலாம். இரத்தசோகை, கர்ப்பகால இரத்த அழுத்தம், கருப்பையில் கட்டி, பல பிரசவங்கள் எல்லாம் பட்டியலில் உண்டு. நீண்ட வலி போன்ற சில இடர்கள் பிரசவ அறைக்குள் போன பிறகே முளைப்பவை. அதனால் முன்பு 'குறைவு' என்று எழுதியதை அங்கே மறுபடி திருத்த வேண்டியிருக்கும்.

முன்கூட்டிச் சொல்வது உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. முன்பு சிசேரியன் ஆனவருக்கு இம்முறை நஞ்சுக்கொடி கீழே இறங்கி, பழைய தழும்பின் மேல் படிந்திருந்தால், அது தசைக்குள் ஊடுருவியிருக்கலாம். ஸ்கேனில் இதைச் சந்தேகித்துவிட்டால் பெரிய மருத்துவமனையில் தேதி குறித்து, இரத்தம் தயாராக வைத்துப் பிரசவம் பார்க்கலாம்.

மற்றபடி முன்கூட்டிச் சொல்வது அவ்வளவு துல்லியமல்ல. அதிக இடர் என்று குறிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நலமாகவே வீடு திரும்புகிறார்கள். எந்த இடரும் இல்லாத பெண்ணுக்குத் திடீரென்று பெருக்கெடுப்பதும் வழக்கமாக நடப்பதே. அதனால்தான் கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் மருந்து 10 யூனிட்டைப் பட்டியல் பார்த்துக் கொடுப்பதில்லை; குழந்தை பிறந்ததும் எல்லாத் தாய்மாருக்கும் பரிந்துரைக்கிறார்கள்.

'கணிப்பு' என்ற சொல்லை நான் தவிர்ப்பதும் இதனால்தான். கணி என்றால் எண்ணிப் பார்த்தல்தான். ஆனால் கணியன் காலம் தொட்டு ஜாதகம் கணிப்பது வரை அதில் வருங்காலத்தைச் சொல்லும் தொனி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'உனக்கு நடக்கும்', 'உனக்கு நடக்காது' என்று கர்ப்பிணி கேட்டுக்கொள்வாள். இரண்டாவதுதான் கூடுதல் ஆபத்து, அசட்டையாக இருக்க வைத்துவிடும். 'இடர் மதிப்பீடு' அடக்கமான சொல். இப்போதைக்கு இவ்வளவு தெரிகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எங்கே பிரசவம், எத்தனை யூனிட் இரத்தம், எத்தனை வாரத்துக்குள் ஹீமோகுளோபினை ஏற்றுவது என்று திட்டமிட அது போதும்.

மீதி வேலை பிறந்த பிறகு அளப்பதில் இருக்கிறது. கண்ணால் பார்த்துச் சொன்னால் அளவு குறைவாகவே தெரியும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் நடந்து 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில், தாயின் அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து இழப்பை அளந்தார்கள். அளவு எட்டியதும் மசாஜ், மருந்து, டிரிப், பரிசோதனை எல்லாவற்றையும் ஒருசேரத் தொடங்கினார்கள். கடும் குருதிப்பெருக்கு முதலான மோசமான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன.

இன்னொரு உட்பிரிவு. 24 மணி நேரம் கடந்து 12 வாரத்துக்குள் வருவதை செகண்டரி பி.பி.எச். என்பார்கள், 'பிற்பட்ட குருதிப்பெருக்கு' என்று எழுதலாம். உள்ளே தங்கிய நஞ்சுக்கொடித் துண்டோ கிருமித்தொற்றோ பெரும்பாலும் காரணமாக இருக்கும். அப்போது தாய் வீட்டில் இருப்பார், அருகில் அளவு விரிப்பு இருக்காது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதாக நனைந்தாலோ, இரத்தம் பெரிய கட்டிகளாக வந்தாலோ, தலைசுற்றினாலோ அது போக்கல்ல, பெருக்கு. உடனே 108ஐ அழைக்க வேண்டும்.